புட்டிப்பால் மேல் போட்ட பழி

போன மாதம் தாய்ப்பால் வாரக் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாகப் பணியில் சேர்ந்த மருத்துவர் ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். புட்டிப்பால் குடித்து வளர்ந்த பெண் பிள்ளைகள் சீக்கிரமே வயதுக்கு வந்துவிடுகிறார்கள் என்று அதில் ஒரு செய்தி. இது உண்மையா, அம்மாக்களிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்தியாவது தாய்ப்பால் கொடுக்க வைக்கலாமா என்று கேட்டார். கையில் டம்ளரோடு நின்றபடி சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செய்தியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் தாமதமாகப் பருவமடைகிறார்கள் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு முதல் வருடத்தில் எடை வேகமாக ஏறுவதும், அந்த வேகம் பின்னாளில் பருவத்தை முன்னுக்கு இழுப்பதும் காரணமாக இருக்கலாம் என்று ஓர் எண்ணம். அப்படியொரு தொடர்பே தெரியவில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. தெரிந்த இடத்திலும் வித்தியாசம் பெரும்பாலும் சின்னது. வீட்டு வசதி, சாப்பாடு, அம்மா எந்த வயதில் பெரியவளானாள் என்பதெல்லாம் அதோடு பின்னிக்கிடக்கின்றன. இவ்வளவுதான் நமக்குத் தெரியும். இதை நீங்கள் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

புத்தகத்தில் இல்லாதது, இந்த அரைகுறை உண்மை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன செய்யும் என்பது. அதை நான் ஒரு முறை பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பெரியகுளத்திலிருந்து மாற்றலாகி உத்தமபாளையம் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனை மெயின் ரோட்டிலேயே இருந்தது. கம்பத்திலிருந்து தேனி, மதுரை போகிறவர்கள் எங்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். அதனால் மேல் சிகிச்சைக்குப் போகிற வழியில் வாந்தி, வலி, மூச்சுத்திணறல் என்று இறங்கி ஓடிவருகிறவர்கள் எங்களுக்குப் பழக்கம். அப்படி வருகிறவர்கள் நம்மிடம் வைத்தியம் கேட்பதில்லை. மீதி வழியைக் கடக்க ஒரு ஊசி கேட்பார்கள்.

ஒரு நாள் பகல், புறநோயாளிகள் கூட்டம் கலைகிற நேரம். வாடகைக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஒருவர் ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பெண்கள். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். ராயப்பன்பட்டிக்காரர்கள். அப்பா பெயர் அமல்ராஜ். திராட்சையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளாவுக்கு வண்டி ஓட்டுகிறவர். கூட வந்த இளையவள் அவர் மனைவி ஜெயராணி. மூத்தவள் அவருடைய அக்கா சகாயமேரி. கணவன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு இருப்பவள். பிள்ளை பெயர் பெனிட்டா. இன்னும் எட்டு வயது முடியவில்லை. அந்த வருடம் மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் பெயர் கொடுத்திருந்த பிள்ளை.

அமல்ராஜ் பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு அவசர அவசரமாகச் சொன்னார். மூன்று மாதமாகப் பிள்ளைக்கு விட்டுவிட்டு ரத்தம் படுகிறது. மார்பும் வளர்ந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்ததில் கருப்பையின் இரண்டு பக்கமும் கட்டி என்று வந்திருக்கிறது. ஒரு கட்டி ஆரஞ்சுப் பழ அளவு. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை நிபுணரைப் பார்த்தாகிவிட்டது. மறுநாள் காலை ஆபரேஷன். இன்று போய்ச் சேர வேண்டும். வழியில் வலி வந்துவிட்டது.

"வலிக்கு ஒரு ஊசி மட்டும் போட்டு விடுங்க டாக்டரம்மா. நாங்க இப்பிடியே போயிர்றோம்" என்றார்.

நியாயமான வேண்டுகோள்தான். பெரிய டாக்டர் பார்த்துவிட்டார். ஸ்கேன் இருக்கிறது. தேதி குறித்தாகிவிட்டது. வலி குறைய மருந்து கொடுத்து, ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சூலகத்தில் இருக்கும் கட்டி திருகிக்கொண்டு வலி வந்திருந்தால், அதை ஊசியால் அமுக்கி அனுப்புவது சரியில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் ஊசி போட மாட்டேன் என்றேன்.

தொட்டுப் பார்த்தேன். வயிறு மிருதுவாகத்தான் இருந்தது. இடது பக்கம் குடல் கல்லு கல்லாகத் தட்டுப்பட்டது. மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். ஜெயராணி, இவளுக்கு எப்போதும் அப்படித்தான், வாரத்துக்கு ஒரு தடவை போனால் அதிகம் என்றாள். பிள்ளையின் கையைப் பிடித்தேன். வெளியே தார் உருகுகிற வெயில். அவள் கை ஜில்லென்று இருந்தது. தோல் சொரசொரப்பு. முகம் உப்பியிருந்தது.

அப்போதுதான் அமல்ராஜ் அதைச் சொன்னார். "இவ பொறந்தப்ப தாய்ப்பாலே குடுக்கல டாக்டரம்மா. டின் பால்தான். அதனாலதான் இந்த வயசுலயே இப்பிடி ஆயிருச்சுன்னு எல்லாரும் சொல்றாக. போன்லயும் போட்டுருக்காக."

சகாயமேரி அதைப் பிடித்துக்கொண்டாள். "பச்சப்புள்ளைக்குத் தாய்ப்பால் குடுத்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? டின் பால் ஒடம்பு. அதான் ஊதிக் கெடக்கு, அதான் மந்தமா இருக்கு, அதான் இந்த வயசுல தலைக்குத் தண்ணி ஊத்துற நெலமைக்கு வந்துருச்சு."

ஜெயராணி எதுவும் பேசவில்லை. பிள்ளையின் பாவாடை ஓரத்தை இழுத்து முழங்காலை மூடிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைக் கவனியுங்கள். உடம்பு உப்பியிருப்பதற்கு டின் பால். படிப்பில் மந்தமாக இருப்பதற்கு டின் பால். ரத்தம் பட்டதற்கும் டின் பால். ஒரே காரணம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. காரணம் கிடைத்துவிட்ட வீட்டில் அதன் பிறகு யாரும் எதையும் தேடுவதில்லை. வீட்டில் மட்டுமல்ல, ஆஸ்பத்திரியிலும்தான். அந்த வீட்டார் சொன்னது புத்தகத்திலும் அரைகுறையாக இருக்கிற விஷயம் என்பதால் இன்னும் ஆபத்து. படித்த நமக்கும் அது தலையாட்ட வைக்கும்.

மதுரையில் நான் பயிற்சியில் இருந்தபோது எங்கள் பிரிவுத் தலைவி ஒருவர் இருந்தார். கொஞ்சம் கடுகடுப்பானவர். பெற்றோர் சொல்வது முழுவதையும் குறுக்கிடாமல் கேட்பார். கேட்டு முடித்ததும் நோய்க்குச் சம்பந்தமில்லாத எதையாவது விசாரிப்பார். பிள்ளை யாரோடு விளையாடுகிறது, என்ன செருப்பு போடுகிறது, எதற்கு அடம் பிடிக்கிறது என்று. எங்களுக்கு அது நேரத்தை வீணடிப்பதாகப் பட்டது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். நோயைப் பற்றி அவர்கள் பலரிடம் சொல்லிச் சொல்லி அந்தக் கதை மெருகேறிப் போயிருக்கும், மற்றதுதான் பழுதாகாமல் இருக்கும் என்றார்.

எனக்கு ஏன் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்தது என்று தெரியாது. பிள்ளை பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடையைத்தான் போட்டிருந்தாள். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டி அழைத்து வந்திருக்கிறார்கள். இந்த வருடம் எடுத்ததா என்று கேட்டேன்.

"ஒண்ணாங் கிளாசுல எடுத்தது டாக்டர்" என்றாள் ஜெயராணி. டின் பால் பேச்சு வந்த பிறகு அவள் வாய் திறந்தது அப்போதுதான். "மூணாங் கிளாசு வந்துட்டா. இன்னும் அதேதான் போடுறா. இடுப்புல மட்டும் பிரிச்சு விட்டேன். நீளம் சரியாத்தான் இருக்கு."

நான் ஜெயராணியை நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்துபோனாள்.

வயதுக்கு வருகிற பெண் பிள்ளை வளர வேண்டும். அதுவும் கிடுகிடுவென வளர வேண்டும். உரிய வயதுக்கு முன்னால் வருகிற பிள்ளை இன்னும் வேகமாக வளரும். கூட்டாளிகளைவிட ஒரு தலை உயரமாக நிற்கும். எடுத்த உடுப்பு பத்தவில்லை என்றுதான் அம்மாக்கள் அலுத்துக்கொள்வார்கள். இந்தப் பிள்ளைக்கு மார்பு வளர்ந்திருக்கிறது, ரத்தம் பட்டிருக்கிறது, ஆனால் இரண்டு வருடமாக உயரம் மட்டும் நின்றுபோயிருக்கிறது. பருவம் முந்திப்போகும்போது உயரம் நின்றுபோனால், நாம் பார்ப்பது வழக்கமான முன்பருவம் இல்லை. தைராய்டு சுரப்பி அடியோடு படுத்துவிட்டால் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும். மலச்சிக்கல், குளிர்ந்த கை, உப்பிய முகம், மந்தம் எல்லாம் அந்தப் பக்கமே கை காட்டின. அதில் சூலகத்தில் பெரிய பெரிய நீர்க்கட்டிகளும் வரலாம். அந்தக் கட்டிக்குக் கத்தி வேண்டாம். மாத்திரை போதும்.

ஆனால் நான் அதைப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். அதுவரை ஒரு பிள்ளையைக்கூடப் பார்த்ததில்லை.

பிள்ளைக்கு எனிமா கொடுக்கச் சொன்னேன். இடது கை எலும்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். தைராய்டு பார்க்க ரத்தமும் எடுத்து வைத்தோம். வெளியே கார் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அமல்ராஜ் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தார். வயிற்றில் கட்டி இருக்கும்போது கையை எதற்கு எக்ஸ்ரே எடுக்கிறீர்கள் என்று ஒரு முறை கேட்டார். கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கும் இது நடக்கும். ஏதோ ஒரு முடிவை எடுத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பியவரை நீங்கள் பாதி வழியில் மறித்தால், அவருக்கு மறுபடியும் எல்லாப் பயமும் முதலிலிருந்து தொடங்கும்.

எனிமாவுக்குப் பிறகு வலி பாதிக்கு மேல் குறைந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். எக்ஸ்ரே வந்தது. பருவம் முந்தினால் எலும்பின் முதிர்ச்சியும் முந்தி ஓடும். இவளுடைய மணிக்கட்டு எலும்புகள் நாலைந்து வயதுப் பிள்ளையுடையதைப் போல இருந்தன. மேலே பெரியவள், உள்ளே சின்னவள்.

மதுரை மருத்துவரை போனில் பிடித்தேன். நான் யார் என்று சொல்லி, பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"கட்டி பெருசு மேடம். திருகிக்கிட்டா சூலகமே போயிரும். வேற மாதிரி கட்டியா இருந்தா ஒவ்வொரு நாளும் முக்கியம். நீங்க சொல்றது ரொம்ப அபூர்வம். அதை நம்பி நான் எப்படித் தள்ளிப் போடுறது?"

அவர் கேட்டது சரியான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். இந்த மாதிரி நேரத்தில் நாம் செய்கிற பெரிய தவறு, அவர் சொல்வது தப்பு, நான் சொல்வதுதான் சரி என்று நிரூபிக்கப் பார்ப்பது. எனக்கு நிச்சயம் இல்லை. நிச்சயம் இல்லாதபோது, நான் சொல்வது தப்பாகிப்போனாலும் பிள்ளைக்குக் கெடுதல் வராத ஒரு வழியைத்தான் தேட வேண்டும்.

"பிள்ளையை நான் இங்க வச்சுக்கல சார். உங்ககிட்டதான் அனுப்புறேன். அட்மிட் பண்ணி உங்க கண் பார்வையில வச்சுக்குங்க. வலி கூடினா உடனே ஆபரேஷன் பண்ணுங்க. கூடலைன்னா, தைராய்டு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் மட்டும் பொறுங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, அனுப்புங்கள் என்றார்.

பிறகு அமல்ராஜை உட்கார வைத்து அதையே சொன்னேன். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், தப்பாக இருந்தால் ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போகும், சரியாக இருந்தால் ஆபரேஷனே வேண்டாம் என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். சகாயமேரி என்னைப் பார்த்து, "அப்ப டின் பால் இல்லையா?" என்று கேட்டாள். இப்போதைக்கு அந்தப் பேச்சை விடுங்கள் என்று சொல்லி, எடுத்த ரத்தத்தையும் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

கார் போன பிறகு நான் மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டு மூடினேன். ஒரு பிள்ளையின் ஆபரேஷனைப் பழைய பாவாடை ஒன்றை நம்பி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். தாமதத்தில் அந்தக் கட்டி திருகிக்கொண்டால் என்ன செய்வேன் என்று அன்று பகல் முழுக்க மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. தன் மேல் இவ்வளவு சந்தேகத்தோடு முடிவெடுக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். சந்தேகம் இருந்ததால்தான் பிள்ளையை மதுரைக்கு அனுப்பினேன். இல்லாவிட்டால் என் வார்டிலேயே படுக்க வைத்திருப்பேன்.

மாலையில் மதுரை மருத்துவரே கூப்பிட்டார். ரிப்போர்ட் வந்துவிட்டது, தைராய்டு அநேகமாக வேலையே செய்யவில்லை என்றார். "மயக்க டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அப்படியே உக்காந்துட்டார் மேடம். இந்தத் தைராய்டோட மயக்கம் குடுத்திருந்தா பிள்ளை முழிச்சிருக்குமான்னு கேக்குறார்" என்றார்.

அவர் நல்ல மருத்துவர். அன்று ஒரு போன் பேச்சுக்கு அவர் காது கொடுத்தார். பேருக்கும் கூட்டத்துக்கும் குறைவில்லாத ஒருவர் தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற குரலுக்காகக் கத்தியைக் கீழே வைப்பது சாதாரணமில்லை. இந்தக் கதையில் யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் முதலில் அவரைத்தான்.

பெனிட்டாவுக்குத் தினமும் ஒரு மாத்திரை. அவ்வளவுதான் வைத்தியம். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினோம். ரத்தம் படுவது நின்றது. அடுத்தடுத்த ஸ்கேன்களில் கட்டிகள் சுருங்கி, பிறகு இல்லாமலே போயின. மார்பு வளர்ச்சியும் அடங்கியது. முகத்து உப்பல் வடிந்து கன்னத்து எலும்பு தெரிந்தது. அவள் அப்படிப்பட்ட முகம் உள்ளவள் என்பதையே நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். புதுநன்மைக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளைக் கவுனைப் பிரித்து நீளம் விட வேண்டியிருந்தது என்று ஜெயராணி வந்து சொன்னாள். டீச்சர், இவள் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று புகார் சொன்னாராம். அதையும் அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

மருத்துவக் கதை இத்தோடு முடிந்தது. நான் எழுத உட்கார்ந்தது இதற்கு மேல் உள்ளதற்காக.

சில மாதங்கள் கழித்து, மாத்திரை வாங்கப் பிள்ளை இல்லாமல் சகாயமேரி மட்டும் வந்தாள். மாத்திரை கையில் வந்த பிறகும் போகவில்லை. எங்கள் வராந்தாச் சுவரில் ஒரு தட்டி ஒட்டியிருந்தது. எங்கள் நர்ஸ் ஒருத்தி ஆசையாக வண்ணம் தீட்டி எழுதியது. தாய்ப்பாலின் நன்மைகளை வரிசையாக எழுதி, கடைசியில் சிவப்பு மையில், புட்டிப்பால் கொடுத்தால் பெண் குழந்தை சீக்கிரம் பெரியவளாகிவிடும் என்று எழுதியிருந்தாள். சகாயமேரி அதன் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தாள். கூட்டம் குறைந்ததும் உள்ளே வந்தாள்.

"தைராய்டுன்னு சொன்னீக. ஆனா அங்கன செவத்துல வேற எழுதியிருக்கே" என்றாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

பெனிட்டா பிறந்தபோது ஜெயராணிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பாளா என்பதே சந்தேகம். அமல்ராஜ் அங்கே மனைவியோடு. இங்கே பிறந்த பிள்ளை சகாயமேரி கையில். ஜெயராணி உயிரோடு வீடு திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பால் வற்றிவிட்டது. அந்த வருடம் முழுக்கப் பிள்ளைக்குப் பாலூட்டியது சகாயமேரிதான்.

"நான்தான் டாக்டரம்மா புட்டியப் பிடிச்சது. அவ ஒரு நாளும் பிடிக்கல. எனக்குப் புள்ள கெடையாது. தண்ணியக் காய வச்சு, புட்டியக் கழுவி, பாலக் கலக்கி, மடியில வச்சுக் குடுப்பேன். வயிறு நெறஞ்சு அது என் மொகத்தப் பாக்கும். அந்த வருசத்தப் போல ஒரு வருசம் எனக்கு வாச்சதே இல்ல. பெறகு இந்தப் பேச்சு வந்துச்சு. டின் பாலால வந்ததுன்னு ஆளாளுக்குச் சொன்னாக. அடுத்து என்னத்தான் கேப்பாகன்னு பயந்துபோய்ட்டேன். யாரும் கேக்குறதுக்கு முன்னாடி அவ மேல கைய நீட்டிட்டேன்."

அறையில் இருந்த நர்ஸை வெளியே போகச் சொன்னேன். தட்டியை எழுதியவள் அவள்தான்.

சகாயமேரியிடம் என்ன சொல்வது? அந்தச் செய்தி முழுப் பொய் என்று சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வேறு ஒருவர் வேறு ஒன்றைக் காட்டுவார், அப்போது என் வார்த்தையும் போய்விடும். அதனால் உள்ளதைச் சொன்னேன். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் எடுத்துப் பார்த்தால் ஏதோ கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம், ஆனால் அதை வைத்து ஒரு பிள்ளையைக் காட்டி இதனால்தான் இவளுக்கு இப்படி ஆயிற்று என்று உலகத்தில் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்றேன். பெனிட்டாவுக்கு வந்ததற்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை. அவள் உடம்பே அவள் தைராய்டை அழித்துவிட்டது. தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கும் அது வரும்.

அவள் முகம் இளகவில்லை. புரிந்தது, ஆனால் போதவில்லை.

"தாயி மதுரையில சாகக் கெடந்தா. அன்னைக்கு நீங்க புட்டியப் பிடிக்கலைன்னா, எட்டு வயசுல இல்ல, எட்டு நாள்லயே இந்தப் பிள்ளை போயிருக்கும்" என்றேன். "அதை யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

சகாயமேரி அப்போதுதான் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். போகும்போது, ஜெயாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை ஜெயராணி பிள்ளையோடு வந்தபோது நானே கேட்டேன். கட்டிலருகில் தலைகுனிந்து நின்ற அவளைப் பார்த்து, குற்ற உணர்ச்சியில்தான் பேசாமல் நிற்கிறாள் என்று நான் அன்று நினைத்திருந்தேன். அன்று ஏன் ஒன்றுமே சொல்லவில்லை, உன் நாத்தனார்தானே பால் கொடுத்தது என்றேன்.

"அவருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா நான் அதை எடுத்துப் பேசியிருந்தா அவரு கோவம் அப்பவே மதினி மேல திரும்பியிருக்கும் டாக்டர். அவுக எங்க போவாக?" என்றாள் ஜெயராணி. "எம்மேல பழி விழுந்தா நான் பெத்தவ, தாங்கிக்கிருவேன். மதினிக்கு இந்தப் பிள்ளைய விட்டா யாரு இருக்கா?"

ஜெயராணி வந்துபோன அன்று மாலையே அந்த நர்ஸும் நானும் தட்டியின் முன் நின்றோம். கடைசி வரி பொய்யா மேடம் என்று கேட்டாள். முகம் வாடியிருந்தது. பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த வராந்தாவில் உட்காருகிறவர்களில் பால் வராதவள் இருப்பாள், புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவள் இருப்பாள், தாயில்லாப் பிள்ளையை வளர்க்கிற சித்தி இருப்பாள், அவர்கள் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவள் ஸ்கேல் வைத்து அந்த வரியை மட்டும் நேராகக் கிழித்தெடுத்தாள். அந்த இடத்தில், பால் கொடுப்பதில் சிரமம் இருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று எழுதி ஒட்டினாள். அந்த வரியைப் படித்துவிட்டு வந்த அம்மாக்கள் உண்டு. அவர்களில் பலருக்குப் பிறகு தாய்ப்பாலே போதுமானதாக இருந்தது.

அதனால், போனை நீட்டிய மருத்துவருக்கு என் பதில் இதுதான். தாய்ப்பாலுக்காக நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பாடுபடுங்கள். அதற்குப் போதுமான காரணங்கள் நம்மிடம் இருக்கின்றன. பயத்தைக் கூட்டுச் சேர்க்காதீர்கள். அந்தப் பயம், பால் கொடுக்கப்போகிறவளைவிடக் கொடுக்க முடியாமல் போனவளைத்தான் முதலில் பிடிக்கும். அந்த வீட்டில் ஒரு நோய் வந்தால் உங்கள் வரியை வைத்தே அந்த நோயை மூடிவிடுவார்கள். மூடியதைத் திறந்து பார்க்க நேரம் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

பெனிட்டா இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறாள். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும். பதின்மூன்று வயது. அம்மா உயரத்துக்கு வந்துவிட்டாள். நான் வேலையை விட்ட பிறகும் அந்த வீட்டிலிருந்து பண்டிகைக்குப் பண்டிகை பேசுவார்கள். இந்த வருடம் பண்டிகை எதுவும் இல்லாத ஒரு காலை நேரத்தில் போன் வந்தது. ஜெயராணி.

"பெனிட்டா வயசுக்கு வந்துட்டா டாக்டர்" என்றாள். நல்லது, சந்தோஷம் என்றேன். பிள்ளைக்கு வலி இருக்கிறதா, பயந்துபோயிருக்கிறாளா என்று விசாரித்தேன். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, மதினி பக்கத்தில்தான் நிற்கிறார், ஒரு வார்த்தை பேச வேண்டுமாம் என்று போனைக் கொடுத்தாள்.

சகாயமேரி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சரியான வயசுதான டாக்டரம்மா?"

"சரியான வயசுதான்" என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் வீட்டுக்குள் திரும்பிச் சொல்வது கேட்டது.

"ஜெயா, சரியான வயசுதானாம்."